மலையைக் காட்டுங்க

செங்கம் சாலையில் உள்ள தன் விடுதியின் மொட்டைமாடியில், காயும் போர்வைகளை ஒரு கையால் விலக்கிக்கொண்டு தனம் நிற்கிறாள். மறு கையில் செல்போன். வீடியோ காலில் மதுரைக்காரப் பெண் ஒருத்தி பௌர்ணமி கிரிவலத்துக்கு ரூம் கேட்கிறாள். குரலில் சந்தேகம் போகவில்லை. தனத்தின் விடுதிப் பெயரையும் படங்களையும் திருடி எவனோ போலிப் பக்கம் நடத்துகிறான். போன மாதம் அவனிடம் பணம் கட்டி ஏமாந்த குடும்பம், பெட்டிகளோடு வந்து இவளைத்தான் திட்டிவிட்டுப் போனது.

"பணம் கட்டுறதுக்கு முன்னாடி மலையைக் காட்டச் சொல்லுங்கன்னு உங்க பக்கத்துல போட்டிருந்தீங்க. நேத்து இதே விடுதின்னு பேசுனவர்கிட்ட கேட்டேன், கட் பண்ணிட்டாருங்க."

"பின்ன? மலை இருந்தாத்தானே காட்டுவான்! நல்லா பாருங்க."

தனம் போனைத் திருப்புகிறாள். காலை வெயிலில் மலை முழுசாக நிற்கிறது. உச்சியில் மட்டும் கொஞ்சம் மேகம். கீழே ஆட்டோக்களின் ஹாரன். திரையில் அந்தப் பெண்ணின் முகம் இல்லை, சுற்றுகிற ஃபேன் மட்டும் தெரிகிறது. கும்பிடுவதற்காகப் போனைக் கீழே வைத்திருக்கிறாள். தனத்துக்குக் கை வலிக்கிறது. மலையை இறக்காமல் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.