இடையில் மூன்று மாதம்

“கார்டு வந்துச்சா?”

அவன் இன்னும் ஷூவைக்கூடக் கழற்றவில்லை. புது அச்சகத்தில் சேர்ந்த நாளிலிருந்து மனைவி தினமும் வாசலிலேயே நின்று கேட்கும் கேள்வி. வேலை எப்படி, மேலாளர் எப்படி என்று ஒரு வார்த்தை கிடையாது. கம்பெனி தரும் மருத்துவக் காப்பீட்டு அட்டை மட்டும் வந்தாக வேண்டும்.

“மூணு மாசம் முடிஞ்சாத்தான் தருவாங்கன்னு எத்தனை தடவை சொல்றது?” என்று எரிந்து விழுந்தான். அவள் ஈரத்துணி வாளியை அவன் பக்கம் நகர்த்தினாள். தோள் பிடித்துக்கொண்டதாகச் சொல்லி, கொடியில் துணி போடுவதைக் கொஞ்ச நாளாக அவன் தலையில் கட்டியிருந்தாள்.

பழைய அச்சகத்தில் பதினோரு வருஷம் மெஷின் ஓட்டியவன் அவன். முதலாளியின் மருமகன் மேலாளராக வந்தபிறகு, நாலு பேர் முன்னால் திட்டு வாங்காத நாளில்லை. காலையில் கிளம்பியவன் மாடிப்படிக்குக் கீழே ஸ்கூட்டரில் அரைமணி நேரம் அப்படியே உட்கார்ந்திருப்பான். ஜன்னல் வழியே அவள் பார்ப்பது அவனுக்குத் தெரியாது.

புது வேலை கிடைத்தும் தயங்கினான். பழைய காப்பீடு, வேலையை விடும் அன்றே முடிந்துவிடும். புதியது தொடங்க மூன்று மாதம். நடுவில் ஏதாவது என்றால் யார் வாசலில் போய் நிற்பது?

நமக்கென்ன கேடு, கல்லு மாதிரி இருக்கோம் என்று சொல்லி, ராஜினாமாக் கடிதத்தை எழுத வைத்தவளே அவள்தான். கூடுதல் சம்பளத்தின் மேல் அவளுக்குக் கண் என்றாள் அவன் அக்கா. அவனுக்கும் உள்ளூர அப்படித்தான் பட்டது.

ஒருவழியாக அட்டை வந்தது. என்று முதல் செல்லும், மனைவிக்கும் உண்டா, எதுவரை கொடுப்பார்கள் என்று முன்னும் பின்னும் திருப்பிப் படித்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்: “நாளைக்கு லீவு போடுங்க. ஆஸ்பத்திரிக்குப் போகணும்.”

பரிசோதனைகளுக்கே பத்து நாள் ஆனது. மார்பில் தொடங்கியது எலும்புவரை போய்விட்டது. நாலு மாதம் முன்னால் வந்திருந்தால் கட்டியை எடுத்துக் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டரம்மா. இனி ஆகும் செலவில் பாதிக்குக்கூட இந்த அட்டையின் வரம்பு தாங்காது என்றார், காப்பீட்டு மேசையில் இருந்தவர்.

வராந்தா பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். எப்போது தெரியும் என்று கேட்டான். அவன் ராஜினாமா கொடுப்பதற்கு ஒரு வாரம் முன்பே கட்டி கையில் தட்டுப்பட்டதாம்.

“பாவி, அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அந்த வேலையை விட்டிருக்கவே மாட்டேனே” என்றான்.

“அதனாலதாங்க சொல்லலை.”