மற்றவை

"'மற்றவை'ன்னு புதுசா ஒரு மெனு இருக்கே, எப்ப சேத்தீங்க?"

அவனுடைய கணினி முன்னால் உட்கார்ந்தபடி அவள் கேட்டாள். காலையில்தான் என்றான் அவன்.

அவன் புரோகிராம் எழுதுபவன். அவள் அதைச் சோதித்துப் பிழை பிடிப்பவள். அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் பூதக்கண்ணாடி. ஒரு நூலகத்துக்கான மென்பொருளை நாளைக்குள் ஒப்படைத்தாக வேண்டும்.

அந்த மெனுவை மட்டும் பார்த்துவிடச் சொல்லிவிட்டு அவன் கண்ணாடிக் கதவுக்கு வெளியே போய் நின்றுகொண்டான். அங்கிருந்து திரை தெரிந்தது; அவள் எதை அழுத்துகிறாள் என்பது மட்டும் தெரியவில்லை.

அவள் மெனுவைத் திறந்தாள். உள்ளே இருந்ததைப் படித்தாள். வழக்கத்தைவிட அதிக நேரம் படித்தாள். பிறகு அழுத்தினாள்.

மொத்த மென்பொருளும் மூடிக்கொண்டது.

அவள் மறுபடி திறந்தாள், அழுத்தினாள். மறுபடி மூடியது. மூன்றாவது தடவையும் அதே கதை. எழுந்து, அவனைத் திரும்பியும் பார்க்காமல் தன் இருக்கைக்குப் போய்விட்டாள்.

அவன் உள்ளே ஓடி வந்தான். கதவருகே உட்கார்ந்திருந்த குழுத் தலைவரிடம், எல்லாம் போச்சு அண்ணே என்றான். அவர் தன் கணினியில் அவன் எழுதியதைத் திறந்து பார்த்தார். புருவம் மேலே ஏறியது. அவனை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வாயைக் கையால் பொத்திக்கொண்டார்.

"'வெளியேறு' வரியை அப்படியே ரெண்டு தடவை காப்பி பண்ணி, பேரை மட்டும் மாத்தியிருக்கீங்க தம்பி. அழுத்தினா என்ன செய்யணும்ங்கிறதை மாத்தவே இல்லை. இந்த ரெண்டு பதில்ல எதை அழுத்தினாலும் கடையை மூடிடும்."

"அப்ப அவங்க எதை அழுத்தினாங்கன்னு எப்படிண்ணே தெரியும்?"

"அவங்களைத்தான் கேக்கணும்."

கேட்கும் தைரியம் அவனுக்கு இல்லை. இருக்கைக்குத் திரும்பித் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். இரண்டே நிமிடத்தில் அவளுடைய பிழை அறிக்கை திரையில் வந்து விழுந்தது. ஒற்றைக் கண்ணைத் திறந்து படித்தான்.

"'என்னைக் கல்யாணம் செய்துகொள்வீர்களா?' என்பதன் கீழே 'சரி'யை அழுத்தினால் மென்பொருள் மூடிக்கொள்கிறது. மூன்று தடவை அழுத்திவிட்டேன். ஒரு பெண் இதற்கு மேல் எத்தனை தடவை சொல்வது?"