பழைய படத்தில் ஒரு குறை

அவன் படத்தைக் கண்ணருகே கொண்டுபோனான்.

இல்லை. இதிலும் இரண்டு கண்ணும் ஒன்றுபோலத்தான் இருந்தன.

அடுத்த படம்.

அதிலும் மாரீஸ்வரி லட்சணமாக இருந்தாள். கட்டினவள் லட்சணமாக இருக்கிறாளே என்று வயிறெரிந்தவன் உலகத்திலேயே இவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

காலையில் டாக்டர் அவளை நாற்காலியில் உட்காரவைத்து, பின்னால் நின்று, நெற்றிக்கு மேலாகக் குனிந்து பார்த்தார். வலது கண் முன்னால் தள்ளிக்கொண்டு நின்றது. பின்னால் கட்டி இருப்பதை ஸ்கேன் ஏற்கெனவே சொல்லிவிட்டது. என்ன கட்டி என்பதுதான் பாக்கி.

"பழைய போட்டோவுலயும் கண்ணு இப்படி இருந்தா, மெல்ல வளர்ற கட்டியா இருக்கலாம். எடுத்துடலாம். இப்பதான் வந்ததுன்னா..."

அவர் ஸ்கேனை உறைக்குள் போட்டார்.

"எதுக்கும் சதை எடுத்து டெஸ்ட் பண்ணணும். போட்டோ இருந்தா கொண்டாங்க."

வீட்டிலிருந்து எடுத்துவந்த ஆல்பத்தை ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் பிரித்து வைத்திருந்தார்கள். மணமேடை. பழனி அடிவாரம். போன தையில் கொழுந்தியாள் மகள் சடங்கு.

"இதுல கொஞ்சம் பெருசாத் தெரியலையா?"

தன் முகத்தின் மேல் அவளே விரல் வைத்துக் காட்டினாள்.

அவன் உற்றுப் பார்த்தான். தெரியவில்லை. தெரிந்துதொலைத்தால் என்ன என்றிருந்தது.

சட்டென்று ஒரு யோசனை. ஸ்டுடியோக்காரன் கைவைத்திருப்பான். ஊரில் கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் ஜெபராஜ்தான். கறுத்தவர்களைச் சிவப்பாக்குவான். மாமாக்களின் வழுக்கையில் முடி முளைக்கவைப்பான்.

போனில் கூப்பிட்டான். வராந்தா இரைச்சலில் காது கேட்காமல் ஸ்பீக்கரில் போட்டான்.

"ஜெபராஜு, சடங்கு வீட்டுப் படத்துல இவ கண்ணை டச்சப் பண்ணிச் சரி பண்ணுனியா? நெசத்தைச் சொல்லு, கோவிச்சுக்கிட மாட்டேன்."

"என்னண்ணே இப்பிடிக் கேட்டுட்டீக? மதினி கண்ணுல நான் எதுக்குக் கைவைக்கணும்? அந்தக் கண்ணுக்காகத்தான் அம்புட்டுக் கிட்டத்துல வச்சு எடுத்தேன்."

போனை அணைத்தான். பக்கத்தில் ஆட்கள் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் அழுதான்.

உள்ளேயிருந்து பெயரைக் கூப்பிட்டார்கள். அவன் எழவில்லை.

அவள் படங்களை அடுக்கி எடுத்துக்கொண்டாள். சடங்கு வீட்டுப் படம் மேலே இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"எந்திரிங்க," என்றாள். "நல்லாத்தான இருந்திருக்கேன்."