புகைச் சோதனை

ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்த டோரீனின் முகம் வெளுத்துவிட்டது.

"வெர்னான், மேன்ஹோலுக்குள்ள புகை ஊதுறாங்க! எந்த வீட்டு மழைத்தண்ணிக் குழாய் சாக்கடையில சேருதோ, அந்த வீட்டுக் கூரையிலேர்ந்து புகை கிளம்பிடுமாம்."

"கத்தாதே! நம்ம தெரு அடுத்த வாரம்தானே?"

"அந்தக் குழாயை வெட்டி விடுன்னு எத்தனை தடவை அடிச்சுக்கிட்டேன்! பேஸ்மென்ட்ல தண்ணி நிக்கும்னு சாக்கு சொன்னே."

வெர்னான் ஈரத் துண்டோடு ஏணியில் ஏறி, பின்பக்கக் கூரைக் குழாயின் வாயை அடைத்துவிட்டு இறங்கினார்.

"மழைத்தண்ணியைச் சாக்கடையில விடுற திருடங்களாலதான் எல்லார் சாக்கடை பில்லும் ஏறுதுன்னு நீ பேசினப்போ கூட்டத்துல என்ன கைதட்டல்! இப்ப மாட்டினா ஊரே காறித் துப்பும்," என்றாள் டோரீன்.

கதவு தட்டப்பட்டது. வேறு வழியில்லாமல் வெர்னான் திறந்தார்.

வாசலில் சாக்கடைத் துறை மேஸ்திரி. பக்கத்தில் கேமராவுடன் உள்ளூர்ப் பத்திரிகைக்காரி.

"சோதனைக்கு உத்தரவு போட்டவரே நீங்கதானே, மேயர்! அதான் உங்க வீட்டு வாசல்லயே தொடங்கிட்டோம்," என்று மேஸ்திரி சிரித்தார்.

பத்திரிகைக்காரி கேமராவைத் தூக்கினாள். அவள் பார்வை மேலே, முன்பக்கக் கூரைக் குழாய்க்குப் போனது.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க, மேயர். உங்க தலைக்கு மேல புகை வருது. அதுவும் படத்துல விழணும்."