பலகையில் ஏறிய பெயர்

முதலில் முகத்துவாரத்தை மண் மூட விட்டார்கள். பிறகு கண்டல் மரங்களை வெட்டினார்கள். அதன் பிறகு இறால் பண்ணைக் கழிவைக் காயலுக்குள் திறந்துவிட்டார்கள். மூன்றுக்கும் கொடுக்கு உயர்த்திப் போராடிய கிழட்டு நண்டுக்கு நான்காவதுதான் பொறுக்கவில்லை. கரையில் புதிதாக நட்ட பாரம்பரியப் பாதுகாப்பு அறிவிப்புப் பலகையில், பிடிக்கக் கூடாத உயிர்கள் வரிசையில் பூநாரை இருந்தது, நண்டு இல்லை.

"பனிக்கு வந்து வெயிலுக்குப் பறக்கிற விருந்தாளிக்குக் காவல். சேற்றிலேயே பிறந்த எங்களுக்கு வலையா?" என்று கேட்டது நண்டு.

"கோபப்படாதீர் தோழரே. பார்க்க அழகானவர்களைத்தான் எழுதச் சொன்னார்கள்" என்றது பலகை.

"எங்கள் பெயர் பலகையில் ஏறும்வரை இங்கிருந்து நகரமாட்டேன், பக்கவாட்டில்கூட."

மறுநாள் ஓர் ஆள் வந்து பக்கத்திலேயே இன்னொரு பலகையை நட்டுவிட்டுப் போனான். அதில் நண்டின் படம், பூநாரையைவிடச் சிவப்பாக.

நண்டுக்குத் தலைகால் புரியவில்லை. காயலிலிருந்த நண்டுகளையெல்லாம் சாட்சிக்கு அழைத்து வந்தது. "நிறத்தைப் பார்த்தீர்களா? நம் கொடியின் நிறம். போராட்டம் வீண்போகாது என்று நான் சொன்னபோது சிரித்தீர்களே." பிறகு புதுப் பலகையிடம் திரும்பியது. "எல்லோருக்கும் கேட்கும்படி எங்கள் பெயரை வாசியுங்கள், தோழரே."

புதுப் பலகை உரக்க வாசித்தது: "நண்டு வறுவல்."