கருவி கூவிய அலமாரி

"மாமா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. நீங்க மறைச்சா சிக்னல் வராது" என்றாள் மருமகள்.

நான் தலைமை நூலகராக இருந்த கட்டடத்தில் என்னையே தள்ளி நிற்கச் சொல்கிறாள். இப்போது அவள்தான் இங்கே நூலகர். என் மேசை, என் நாற்காலி, என் ஜன்னல் எல்லாம் அவள் வசம்.

தள்ளி நின்றேன். பொது இடத்தில் குரல் உயர்த்துவது எங்கள் குடும்பத்தில் இல்லை.

அவள் கையில் டேபிள் டென்னிஸ் மட்டை போல ஒரு கருவி. இன்று காலைதான் பெட்டியைப் பிரித்தாளாம். காணாமல் போன புத்தகத்தின் பெயரைக் கொடுத்தால், அதன் அட்டைக்குள் ஒட்டியிருக்கும் சிப்பை அது தேடுமாம். நெருங்க நெருங்கக் கூவுமாம்.

என்னைப் பழங்காலத்து ஆள் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். இங்கே முதல் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தவன் நான். நூல்பட்டியல் அட்டைகள் அடுக்கிய பெட்டிகளைக் கட்டிக்கொண்டு அழுத ஊழியர்களை அதட்டி உட்கார வைத்து, விசைப்பலகை பழக்கியவனும் நானே. வாசலில் நிற்கும் சோதனைக் கதவும் என் காலத்தில் வந்ததுதான். பதியாத புத்தகத்தோடு யார் கடந்தாலும் அது ஊரையே கூட்டிவிடும். அதன் குணம் எனக்கு அத்துப்படி.

இந்த மட்டையைப் பற்றி மட்டும் யாரும் என்னிடம் சொல்லவில்லை.

காணாமல் போனது ஒரு நாவல். எழுதியது என் மனைவி.

சொல்லவே நாக்கு கூசுகிறது. சாயங்காலங்களில் வீட்டுச் செலவு எழுதுகிறாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். எழுதியதோ என்னை. கஞ்சி போட்ட சட்டை மாதிரி ஓர் ஓய்வுபெற்ற நூலகர். சமையலறை டப்பாக்களுக்கு எண் ஒட்டுகிறார். கரண்டி இடம் மாறினால் சாப்பிட மறுக்கிறார். தூக்கத்தில் "சத்தம் போடாதீர்கள்" என்கிறார்.

ஊர் சிரிக்கிறது. முடிவெட்டப் போனால், கத்தரிக்கோலுக்கு என்ன எண் என்று கேட்கிறான்.

டப்பாக்களுக்கு எண் ஒட்டியது உண்மை. எழுபத்தோராம் பக்கத்தில் வரும் தலையணை விவகாரம் சுத்தப் பொய்.

புத்தகம் அச்சாகி வந்த அன்றே எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிட்டேன், இந்த வீட்டுக்குள் அதை நான் தொட மாட்டேன் என்று. கட்டிலுக்கு அடியில் கட்டுக்கட்டாகக் கிடக்கிறது. இன்றுவரை தொடவில்லை. சொன்ன சொல்லில் நிற்கிற குடும்பம் இது.

இன்று வாசகர் வட்டக் கூட்டம். அந்த நாவலைப் பற்றித்தான். நூலகப் பிரதியிலிருந்து ஓர் அத்தியாயம் உரக்க வாசித்த பிறகே பேச்சைத் தொடங்குவது இங்கே வழக்கம். நான் ஏற்படுத்திய வழக்கம். பிரதி கிடைக்காவிட்டால் கூட்டம் இல்லை; எங்கள் மானம் இன்னும் ஒரு மாதம் பிழைத்துக் கிடக்கும்.

முன்வரிசையில் மனைவி. பக்கத்தில் வட்டத்தின் தலைவரான பல் டாக்டர். பல்லைக் காட்டுவதற்கென்றே பிறந்தவர்.

"சார், கதையில வர்ற அந்த ஆளு யாரு, உங்க பக்கத்து வீட்டுக்காரரா?"

தரத்துக்குக் குறைந்தவர்களோடு நான் தர்க்கம் செய்வதில்லை.

மருமகள் கருவியின் திரையை என் பக்கம் திருப்பினாள். எழுத்துகள் புழுப்போல நெளிந்தன. நேற்று மதியத்திலிருந்து என் கண்ணாடியைக் காணோம்.

"உங்க கண்ணாடிக்கும் ஒரு சிப் ஒட்டிடலாமா மாமா?"

முன்வரிசை சிரித்தது. என் மனைவியும்தான்.

யாரோ ஒரு பொறுப்பில்லாத வாசகர் வேறு தட்டில் செருகியிருப்பார் என்றேன். இந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஒரு புத்தகத்தை ஒழித்துக்கட்டத் திருட வேண்டியதில்லை, இடம் மாற்றி வைத்தால் போதும். சிறுவர் பகுதியிலிருந்து தேடு என்று யோசனையும் சொன்னேன்.

அவள் சிறுவர் பகுதிக்குப் போனாள். கருவி வாய் திறக்கவில்லை. சமையல், சோதிடம், சட்டம் என்று ஒவ்வொரு தட்டாக நடந்தாள். மௌனம்.

கடைசி வரிசைக்குத் திரும்பியதும் அது லேசாக முனகியது.

குடிநீர் வாரிய ஆண்டறிக்கைகள் இருக்கும் வரிசை. நான் பணியில் இருந்த காலம் முழுக்க அங்கே தூசியைத் தவிர யாரும் உட்கார்ந்ததில்லை. கருவி கூவத் தொடங்கியது. மேல் தட்டுக்கு நேராக உயர்த்தினாள். பிரசவ வார்டு போல அலறியது.

மருமகள் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. கருவியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு பக்கத்து நூல்களையும் மெல்ல உள்ளே தள்ளி, நடுவில் இருந்ததன் இடுப்பைப் பிடித்து எடுத்தாள். முதுகின் உச்சியில் விரல் போட்டு இழுக்கவில்லை. நான் பழக்கியது.

புத்தகம் முழுதாக மூடியிருக்கவில்லை. நடுவே எதுவோ புடைத்துக்கொண்டிருந்தது.

அதற்கு நேர் மேலே, சுவரில், என் கையெழுத்திட்ட பலகை: 'புத்தகத்துக்குள் பென்சில், சீப்பு முதலிய பொருட்களை வைக்காதீர்.'

அவள் திறந்து பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு திறந்தபடியே கொண்டுபோய் மாமியாரிடம் கொடுத்தாள்.

மனைவி உள்ளேயிருந்த கண்ணாடியை எடுத்து முந்தானையில் துடைத்தாள். பக்க எண்ணைப் பார்த்தாள். எழுந்து வந்து கண்ணாடியை என்னிடம் நீட்டினாள்.

"கொஞ்சம் பொறுத்திருக்கலாம் நீங்க. அடுத்த அத்தியாயத்துலதான் அந்த ஆளு மனுஷனா மாறுறாரு."

வாங்கி மாட்டிக்கொண்டேன். முன்வரிசையில் போய் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

எந்த அத்தியாயத்தை வாசிக்கலாம் என்று பல் டாக்டர் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்.

"அடுத்தது" என்றேன்.