கை பட்ட தண்ணீர்

இருளப்பன் வீட்டு மூலையில் இருந்த எரிபொருள் மின்கலத்தில், தணலாய்ச் சூடேறிய பீங்கான் தட்டில் ஹைட்ரஜன் ஆக்சிஜனோடு சேர்ந்து வீட்டுக்குக் கரண்ட் கொடுத்தது. கூடவே பிறந்த நீராவி குளிர்ந்து குடத்தில் சொட்டியது. ஊரே இப்போது வீட்டுக்கு வீடு இப்படிச் சொட்டும் தண்ணீரைத்தான் குடித்தது.

மகனின் பிடிவாதம் தாங்காமல், இருளப்பன் மகள் தமயந்தியை அவனுக்குக் கேட்டு வையாபுரி வந்திருந்தார். மூன்று தலைமுறையாக இந்தத் தெருவில் கை நனைக்காத குடும்பம் அவருடையது.

இருளப்பன் டம்ளரை நீட்டினார்.

“கொண்டாங்க, குடிக்கேன்,” என்று வையாபுரி தாராளமாகச் சிரித்தார். “கிணத்துத் தண்ணின்னா எங்க ஆளுக யோசிப்பாக. இது மிஷின்ல பொறந்தது. மனுசக் கை படல, இதுல என்ன தீட்டு?”

நீட்டிய டம்ளரை இருளப்பன் பின்னுக்கு இழுத்தார். ஐந்து விரல்களையும் தண்ணீரில் முக்கி, நிதானமாக ஒரு கலக்குக் கலக்கினார்.

“அந்தத் தட்டு, முப்பது வருசமா பீங்கான் வேல பாக்குற இந்தக் கை வார்த்து, சுட்டு எடுத்தது. இப்ப தண்ணியிலயும் பட்டுருச்சு. குடிங்க. அப்புறம் சம்பந்தம் பேசுவோம்.”

வையாபுரியின் முகம் சுண்டியது. துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்.

அவர் வாசலில் செருப்பை மாட்டும்போது, தமயந்தி அப்பாவின் கையிலிருந்த டம்ளரை வாங்கி, வையாபுரியின் காதில் விழும்படி மடக் மடக்கென்று குடித்து முடித்தாள்.